ஒரு பாடகரின் தந்தையும் நம் மாணவரின் தந்தையும்



தொழுகை, நோன்பு, பிள்ளை வளர்ப்பு, மதரஸா அனுபவங்கள் என்று எழுதிவந்த நாம், இம்முறை அமெரிக்க ராக் இசைப் பாடகர் ஒருவரைப் பற்றிய ஆவணப்படத்தைக் குறித்து எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். சிலருக்கு வருத்தமும் அளிக்கலாம். இசைக் கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்கள் கூறியுள்ளவற்றை நாம் இங்கே மாற்றிக் கூற வரவில்லை. அந்த விவாதத்திற்கும் இக்கட்டுரைக்கும் தொடர்பில்லை. அப்படத்தில் நம்மை உலுக்கியது பாட்டன்று. முதியவர் ஒருவர் கேமராவின் முன் அமர்ந்து, தம் மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வரும்போது குரல் உடைந்து அழுகிறார். அந்த அழுகை, 14 ஆண்டுகளாக நாம் எவரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்த ஒன்றை வெளியே இழுத்துவிட்டது. அதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறோம்.

நம் தங்கை மகன் சென்னையில் மனநலச் சமூகப்பணி பயில்கிறார். ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தவர், ஒருநாள் இஷா தொழுகைக்குப் பின் மடிக்கணினியோடு நம் அறைக்கு வந்தார். “மாமா, வகுப்பில் ஒரு படம் போட்டார்கள். நீங்கள் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பாட்டுக்காக இல்லை, அவருடைய அத்தாவுக்காக” என்றார். நாம் தயங்கினோம். அவர் வற்புறுத்தவில்லை, எதிரே அமர்ந்திருந்தார், அவ்வளவுதான். பின்பு ஏறத்தாழ இரண்டு மணி நேரம், அவர் நிறுத்தி நிறுத்தித் தமிழில் விளக்க, நாம் பார்த்தோம்.

படத்தின் பெயர் ‘தி டெவில் அண்ட் டேனியல் ஜான்ஸ்டன்’. ‘ஷைத்தானும் டேனியல் ஜான்ஸ்டனும்’ என்று பொருள். இயக்கியவர் ஜெஃப் ஃபாயர்ஸைக். 2005ஆம் ஆண்டு சன்டான்ஸ் திரைப்பட விழாவில் ஆவணப்பட இயக்கத்திற்கான விருதைப் பெற்ற படம். தலைப்பைக் கேட்டதுமே நமக்கு ஒரு கசப்பு உண்டாயிற்று. பார்த்து முடித்தபோதுதான் அந்தத் தலைப்பில் உள்ள துயரம் விளங்கியது. அம்மனிதர் ஷைத்தானைப் புகழ்ந்தவர் அல்லர். தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஷைத்தானுக்கு அஞ்சியே கழித்தவர்.

டேனியல் 1961இல் கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் பிறந்து, மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் ஒரு சிற்றூரில் வளர்ந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைசி. தந்தை பில், இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர். தாய் மேபல். இறைப்பற்று மிக்க கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிறுதோறும் தேவாலயம், வீட்டில் வேத வாசிப்பு, ஒழுக்கம், உழைப்பு என்று வாழ்ந்தவர்கள். மகனோ பள்ளிப் பருவத்திலேயே ஓவியம் வரைவது, பாட்டுக் கட்டுவது என்று வேறோர் உலகில் இருந்தார். வீட்டின் நிலவறையில் பியானோவின் முன் அமர்ந்து, மலிவான டேப் ரெக்கார்டரில் தம் குரலைத் தாமே பதிவு செய்துகொள்வார். பாட்டை மட்டுமன்று, தமக்கு நேர்ந்த அனைத்தையும் பதிவு செய்தார். தாய் தம்மை ஏசுவதையும் கூட. அந்த நாடாக்கள் யாவும் பாதுகாக்கப்பட்டிருந்ததால், 20, 25 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வீட்டின் சச்சரவைப் படத்தில் நாம் நம் காதாலேயே கேட்கிறோம்.

தாயின் அந்தக் குரலைக் கேட்டபோது நாம் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தோம். இறைவனுக்குப் பயன்படாத ஊழியன் நீ என்ற பொருளில் அவர் மகனைக் கடிந்துகொள்கிறார். மொழி வேறு, சமயம் வேறு. ஆனால் அந்த ஏச்சு நமக்குப் பழக்கமானது. நன்றாக இருக்க வேண்டும் என்று எண்ணுகிற பிள்ளையின் நெஞ்சில், மார்க்கத்தின் சொல்லை எடுத்தே அடிக்கிற ஏச்சு. உஸ்தாதுகளாகிய நம்மில் பலருக்கு அது நாவின் நுனியிலேயே இருக்கிறது. அந்தத் தாய் கொடியவர் அல்லர். மகனுக்குள் ஒரு நோய் மெல்லத் தலைதூக்குகிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. அவர் கண்டது சோம்பலையும் கீழ்ப்படியாமையையும்தான்.

பின்பு டேனியல் வீட்டை விட்டு வெளியேறினார். ஊர் ஊராகச் சுற்றிய கேளிக்கைக் குழு ஒன்றோடு சேர்ந்து தின்பண்டம் விற்றார். டெக்ஸாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரை அடைந்து, மெக்டொனால்ட்ஸ் உணவகத்தில் மேசை துடைக்கும் வேலை பார்த்தார். தாமே பதிவு செய்த நாடாக்களை வழியில் காண்போரிடமெல்லாம் இலவசமாகக் கொடுத்தார். தொடக்க நாட்களில் நாடாவைப் பிரதியெடுக்கும் வசதிகூட அவரிடம் இல்லை. ஒவ்வொருவருக்கும் கொடுக்க, முதலிலிருந்து முழுவதையும் மீண்டும் பாடிப் பதிவு செய்வாராம். அவற்றுள் 1983இல் வெளிவந்த ஒரு நாடாவின் தலைப்பு ‘ஹாய், ஹவ் ஆர் யூ’. நலமா என்று விசாரிக்கும் வெறும் மூன்று நான்கு சொற்கள். அதன் அட்டையில், அவர் கையால் வரைந்த, கண்கள் கொம்புபோல் மேலே நீண்ட ஒரு தவளை. 1985இல் எம்டிவி தொலைக்காட்சி அவரைக் காட்டியது. ஊர் அவரைக் கொண்டாடத் தொடங்கியது.

அதன்பின் படம் இருளுகிறது. எல்.எஸ்.டி. என்னும் போதைப்பொருள் அவரிடம் சேர்ந்தது. ஏற்கனவே பிளவுபட்டுக்கொண்டிருந்த மனம் உடைந்தது. தமக்கு உதவியாக இருந்த நண்பரையே உலோகக் குழாயால் தலையில் தாக்கினார். மேடையில் நின்று கூட்டத்தாரை ஷைத்தானைக் குறித்து எச்சரித்தார். நியூயார்க் சென்றபோது, சுதந்திர தேவி சிலையின் உட்சுவரில் தம் சமயத்தின் மீன் குறியை வரைந்து கைதானார். மேற்கு வர்ஜீனியாவில் ஒரு மூதாட்டியின் வீட்டுக்குள் நுழைந்து, அவருக்குள் இருக்கும் ஷைத்தானை விரட்டப் போவதாகக் கூறினார். அஞ்சிய அந்த மூதாட்டி மாடி ஜன்னலிலிருந்து குதித்துக் கணுக்கால்கள் முறிந்து கிடந்தார். மனச்சிதைவு, இருமுனை மனநோய் என்று மருத்துவர்கள் பெயர் சொன்ன அந்த நோய், டேனியலின் வாயில் முழுக்க முழுக்கச் சமயத்தின் சொற்களாகவே வெளிவந்தது. சிறுவயதிலிருந்து அவர் கேட்டு வளர்ந்த சொற்கள் அவை. நோய்க்கென்று தனி மொழி இல்லை. அது குடியேறும் மனிதரின் மொழியையே எடுத்துக்கொள்கிறது.

இந்த இடத்தில் நாம் மடிக்கணினியை நிறுத்தச் சொன்னோம். தங்கை மகன் நம் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தண்ணீர் எடுத்துவரச் சென்றார்.

சகோதரர்களே, 14 ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஒரு மாணவர் ஹிஃப்ழு ஓதிவந்தார். வயது 17. மிதிவண்டியில் துணி மூட்டை கட்டித் தெருத்தெருவாக விற்கும் ஒருவரின் ஒரே மகன். 22 ஜுஸ்உ மனனம் செய்திருந்தார். சுபுஹுக்குப் பின் அவர் பாடம் ஒப்பிக்கும்போது, அடுத்த அறையில் இருக்கும் உஸ்தாதுகள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். ஓர் ஆண்டில் அவர் மாறத் தொடங்கினார். இரவெல்லாம் விழித்து நின்று தொழுதார், ஸஜ்தாவில் நெடுநேரம் அழுதார், உணவைக் குறைத்தார், எவரிடமும் பேசவில்லை. மற்ற மாணவர்களிடம் நாம் அவரை எடுத்துக்காட்டாகச் சொன்னோம். “பாருங்கள், தக்வா என்றால் இது” என்றோம். அவர் நான்கு நாட்களாக ஒரு மணி நேரம்கூட உறங்கவில்லை என்பதை உடன் தங்கியிருந்த சிறுவர்கள் அறிந்திருந்தார்கள். நாம் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் மக்ரிப் தொழுகையின் இடையே அவர் ஸஃப்பை உடைத்துக்கொண்டு முன்னே ஓடி, இமாமைப் பார்த்து, இவர் தஜ்ஜாலின் ஆள் என்று கத்தினார். மலக்குகள் தம்மோடு பேசுவதாகவும், தமக்குக் கட்டளை வந்திருப்பதாகவும் சொன்னார். அதுவரை அவரை வலீ என்று எண்ணியிருந்த நாம், ஒரே நொடியில் ஷைத்தான் பிடித்தவர் என்று எண்ணினோம். இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையே, ‘இந்தப் பிள்ளைக்கு உடல்நலம் சரியில்லையோ’ என்ற எளிய கேள்விக்கு நம்மிடம் இடமே இருக்கவில்லை.

வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். ஓதிப் பார்ப்பவர் என்று சொன்னார்கள். அவர் ஓதியதை விட அடித்தது அதிகம். வலி பையனுக்கு இல்லை, உள்ளே இருப்பதற்குத்தான் என்றார். மாணவர் திமிறியபோது கால்களைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார். நாம் பிடித்துக்கொண்டோம். கண்களை மூடிக்கொண்டு, ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டே பிடித்திருந்தோம். “ஹஜ்ரத்” என்று இரண்டு முறை அழைத்தார். நாம் கண்ணைத் திறக்கவில்லை.

மறுநாள் அவருடைய அத்தா வந்தார். மகனின் முதுகைப் பார்த்தார். எவரையும் ஒரு சொல் ஏசவில்லை. மிதிவண்டியை மதரஸா வாசலிலேயே பூட்டி வைத்துவிட்டு, மகனைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு பேருந்து ஏறினார். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சேர்த்திருக்கிறார் என்று பிறகு அறிந்தோம். நிர்வாகம் அம்மாணவரின் பெயரை வருகைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. நாமும் ஆட்சேபிக்கவில்லை. பின்னர் அந்த அத்தா வசிக்கும் தெருவைத் தவிர்த்து, சுற்றுவழியில் நடக்கப் பழகிக்கொண்டோம்.

தங்கை மகன் தண்ணீரோடு வந்ததும் படம் தொடர்ந்தது. அடுத்து வந்தது அந்த விமானம்.

1990ஆம் ஆண்டு. ஆஸ்டின் நகரின் பெரிய மேடை ஒன்றில் டேனியல் பாடினார்; அரங்கு எழுந்து நின்று ஆரவாரித்தது. அந்நாட்களில் அவர் மருந்தை நிறுத்தியிருந்தார் என்பது கைதட்டியவர்களுக்குத் தெரியாது. தந்தை பில், தம் இரண்டு இருக்கை கொண்ட சிறு விமானத்தில் மகனை வீட்டிற்கு அழைத்துவந்தார். நடுவானில் நோய் முற்றியது. தாம் காமிக் புத்தகத்தில் வரும் காஸ்பர் என்னும் நல்ல பேய் என்று மகன் நம்பினார். விமானத்தின் சாவியைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டார். இயந்திரம் நின்றது. கீழே காடு. போர்க்காலத்தில் விமானம் ஓட்டிய அந்தத் தந்தை, மரங்களின் மேல் விமானத்தை மோதவிட்டு இறக்கினார். விமானம் நொறுங்கியது, இருவரும் சிறு காயங்களோடு எழுந்து நடந்தார்கள். வழியில் ஒரு தேவாலயத்தின் அறிவிப்புப் பலகையைக் கண்டார்களாம்: இறைவன் வாக்களிப்பது அமைதியான பயணத்தையன்று, பாதுகாப்பான தரையிறக்கத்தை என்ற கருத்தில் ஒரு வாசகம் அதில் இருந்ததாம். இதைச் சொல்லும் இடத்தில்தான் பில் அழுகிறார். தம்மைச் சாவின் விளிம்பிற்குக் கொண்டுசென்ற மகனைப் பற்றி அவர் ஒரு குறையும் சொல்வதில்லை.

இந்தக் குடும்பம் தவறே செய்யாத குடும்பம் அன்று. நோயை நோய் என்று அறியத் தாமதித்தார்கள், சோம்பல் என்றார்கள், மார்க்கத்தின் பெயரால் கடிந்தார்கள். நாம் செய்த தவறுகளில் சிலவற்றை அவர்களும் செய்தார்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தங்கள் தவறு விளங்கிய பின்னும் அவர்கள் மகனை விட்டு விலகவில்லை. நாம் விலகினோம். படம் நமக்குச் சொன்னது இதுதான். அறியாமையால் தவறுவது எவருக்கும் நேரும். தவறிய பின் அந்த மனிதரின் அருகே நிற்கிறோமா, சுற்றுவழியில் நடக்கிறோமா என்பதைக் குறித்தே நாளை நம்மிடம் கேட்கப்படும் என்று அஞ்சுகிறோம்.

புகழ் அவரைத் தொடர்ந்து தேடிவந்தது. 1992இல் நிர்வானா குழுவின் கர்ட் கோபேன், அந்தத் தவளை ஓவியம் பொறித்த சட்டையை அணிந்து உலகத்தின் முன் நின்றார். பெரிய இசை நிறுவனங்கள் டேனியலைத் தேடின. அவரோ மனநல மருத்துவமனையில் இருந்தார். ஒரு நிறுவனத்தின் ஒப்பந்தத்தை, அதே நிறுவனத்தில் இருக்கும் மற்றொரு குழு ஷைத்தானைச் சார்ந்தது என்ற அச்சத்தால் மறுத்தார். பிறகு 1994இல் வேறொரு நிறுவனத்தின் வழியாக ஒரு தொகுப்பு வந்தது, அது விற்கவில்லை, அந்நிறுவனம் அவரைக் கைவிட்டது. அதே 1994இல் கர்ட் கோபேன் தம் 27ஆவது வயதில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருடைய சட்டையில் இருந்த தவளையை வரைந்தவரோ மேலும் 25 ஆண்டுகள் வாழ்ந்தார். 2019 செப்டம்பரில், டெக்ஸாஸின் வாலர் என்னும் ஊரில், 58ஆவது வயதில் காலமானார்.

அந்த ஆண்டுகள் எப்படி வந்தன? மருந்தினாலும் மருத்துவத்தினாலும், எல்லாவற்றிற்கும் மேலாக அல்லாஹ்வின் நாட்டத்தாலும். அதற்கு வாயிலாக அமைந்தது ஒரு முதிய தம்பதியரின் வீடு. படத்தின் பிற்பகுதியில் அவர்கள் தள்ளாத வயதில், பருத்துத் தளர்ந்துபோன நடுவயது மகனை உடன் வைத்துப் பராமரிக்கிறார்கள். கைதட்டியவர்கள் எவரும் அங்கே இல்லை. மேதை என்று எழுதியவர்களும் இல்லை. நோயாளியின் துன்பத்தை ரசிப்பது எளிது; அவருக்கு ஒவ்வொரு நாளும் வேளை தவறாமல் மாத்திரை கொடுப்பது கடினம். நம்மிடத்திலும் இதே நிலைதான். ஒருவருக்கு ஜின் பிடித்திருக்கிறது என்றால் பார்க்க ஊரே கூடும். மருத்துவமனை வாசலில் சீட்டு வாங்க வரிசையில் நிற்பதற்கு ஓர் அத்தாதான் இருப்பார்.

மார்க்கம் நமக்கு இதைச் சொல்லித்தரவில்லையா? தந்திருக்கிறது; ஓதிக்கொடுப்பவர்களாகிய நாமே மறந்தோம். தூங்குபவர் விழிக்கும் வரையிலும், சிறுவர் பருவமடையும் வரையிலும், அறிவு பிறழ்ந்தவர் தெளிவடையும் வரையிலும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்ற கருத்திலான நபிமொழியை அபூதாவூதில் காண்கிறோம். அல்லாஹ் குற்றம் எழுதாத ஒருவரின் முதுகில் நாம் அடியை எழுதினோம். எந்த நோயையும் அதற்கான நிவாரணமின்றி அல்லாஹ் இறக்கவில்லை என்னும் கருத்தைப் புகாரியில் காண்கிறோம். வலிப்பு நோயால் வருந்திய ஒரு பெண்மணி வந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அவரை அடிக்கவில்லை, ஏசவில்லை. பொறுமைக்குச் சுவனத்தை நன்மாராயமாகக் கூறினார்கள்; அவர் கேட்டுக்கொண்டபடி, வலிப்பு வரும்போது ஆடை விலகாமல் இருக்க துஆச் செய்தார்கள். அந்தப் பெண்மணியின் மானம் அவ்வளவு பொருட்படுத்தப்பட்டது.

இன்னொரு செய்தியை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக முஸ்லிமில் காண்கிறோம். அறிவில் சற்றுக் குறை உள்ள ஒரு பெண்மணி, தமக்கு நபியவர்களிடம் ஒரு தேவை இருப்பதாகச் சொல்கிறார். எந்தத் தெருவில் நின்று பேச விருப்பமோ அங்கே வருகிறேன் என்று நபியவர்கள் கூறி, வழியோரம் அவரோடு ஒதுங்கி நின்று, அவர் சொல்லி முடிக்கும் வரை கேட்கிறார்கள். மதீனாவின் தலைவர், தெருவோரத்தில், பிறர் பொருட்படுத்தாத ஒரு பெண்ணின் பேச்சைக் கேட்டு நிற்கிறார்கள். இந்த ஹதீஸை நாம் எத்தனையோ முறை வகுப்பில் பணிவுக்கு எடுத்துக்காட்டாக நடத்தியிருக்கிறோம். இது மனநலம் குன்றியவரை நடத்தும் முறைக்கும் பாடம் என்பது அந்தப் படத்தைப் பார்த்த இரவில்தான் நமக்கு உறைத்தது.

ஜின்கள் உண்டு என்பது நம் நம்பிக்கை. குர்ஆன் கூறுவதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஜின் உண்டு என்று நம்புவது வேறு. எதிரே நடுங்கி நிற்கும் இந்தப் பிள்ளைக்கு வந்திருப்பது ஜின்தான் என்று தீர்ப்பளிப்பது வேறு. முதலாவது ஈமான். இரண்டாவது, அறிவில்லாத ஒன்றில் நாம் துணிந்து பேசுவது. அந்தத் துணிச்சலின் விலையை நம் மாநிலம் கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை, ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் மாண்டார்கள், 28 உயிர்கள். நாம் அப்போது ஓதிக்கொண்டிருந்த மாணவர். செய்தியைக் கேட்டு இன்னாலில்லாஹி சொன்னோம், துஆச் செய்தோம். சில ஆண்டுகள் கழித்து நாமே ஒருவரின் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

நம் முன்னோர் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள். 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடலுக்கு ஒரு பகுதியும் உள்ளத்திற்கு ஒரு பகுதியுமாக மருத்துவ நூல் எழுதினார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணமே இன்றி உடலிலிருந்து எழும் துயரம் வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. அங்கே பள்ளிவாசலும் மருத்துவமனையும் ஒரே வக்ஃபின் நிழலில் வாழ்ந்தன. துஆவையும் மருந்தையும் எதிரிகளாக்கியது மார்க்கமன்று, நம் அறியாமை.

படத்தைப் பார்த்த மறுநாள் அஸருக்குப் பின், நாம் அந்தத் தெருவிற்குச் சென்றோம்.

துணி மூட்டை சுமந்த அந்த அத்தா இப்போது வீட்டு முன்புறத்திலேயே சிறிய கடை வைத்திருக்கிறார். நம்மைக் கண்டதும் எழுந்தார். ஸலாமுக்குப் பதில் சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. உள்ளிருந்து மாணவர் வந்தார். மாணவர் என்கிறோம், இப்போது வயது 31. உடல் பருத்திருந்தது, கைவிரல்கள் மெல்ல நடுங்கின, பார்வை அமைதியாக இருந்தது. “வாங்க ஹஜ்ரத், நல்லா இருக்கீங்களா? சாப்டீங்களா?” என்றார். நலம் விசாரிக்க வேண்டியவர் நாம். 14 ஆண்டுகளாக விசாரிக்காதவர் நாம். அவர் முந்திக்கொண்டார்.

நாம் அமர்ந்தோம். சொல்ல வந்ததைச் சொல்ல நெடுநேரமாயிற்று. அன்று கால்களைப் பிடித்திருந்தது யார் என்று அவருக்குத் தெரியாது என்றே நாம் இத்தனை ஆண்டுகள் நம்பியிருந்தோம். அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “தெரியும் ஹஜ்ரத். ஓதுற குரல் கேட்டுச்சு. அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன்” என்றார்.

அதன் பிறகு அவர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. நடுங்கும் கையால் தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். தட்டில் கொஞ்சம் சிந்தியது. அவருடைய அத்தா கடையிலிருந்தபடியே நேரத்தைப் பார்த்து, “தம்பி, மாத்திரை” என்றார். அவர் எழுந்து சென்று விழுங்கிவிட்டு வந்தார். 14 ஆண்டுகளாக ஒவ்வொரு மாலையும் அந்தச் சொல் அந்த வீட்டில் ஒலித்திருக்கிறது. விமானத்தைக் காட்டின் மேல் இறக்கிய அந்தத் தந்தையின் அருகே, மிதிவண்டியைப் பூட்டிவிட்டுப் பேருந்து ஏறிய இந்தத் தந்தையை நாம் நிறுத்திப் பார்த்தோம். இருவருமே ஒரு வார்த்தை தம்மைப் பற்றிப் பேசிக்கொள்ளாதவர்கள்.

இப்போது வாரம் ஒருநாள் அங்கே செல்கிறோம். சில நாட்கள் அவர் பேசுவார். சில நாட்கள் பேசமாட்டார். தாம் மனனம் செய்ததில் எவ்வளவு நினைவில் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

உஸ்தாதுகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளை நாட்கணக்கில் உறங்காமல் இருந்தால், பிறர் கேளாத குரல் கேட்கிறது என்றால், உணவும் நட்பும் படிப்பும் ஒருசேரக் கைவிட்டுப் போனால், அவர் சொல்வது எவ்வளவு மார்க்கமாக ஒலித்தாலும், முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஃபாத்திஹாவை ஓதிக்கொண்டே பேருந்தில் ஏறலாம், எவரும் தடுக்கவில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. எங்கே செல்வது என்று தெரியாவிட்டால், டெலி மானஸ் என்னும் அரசின் இலவச உதவி எண் 14416ஐ அழைத்து, தமிழிலேயே கேட்கலாம். ஓதுகிறேன் என்று சொல்லி ஒருவர் கையை ஓங்கினால், அவரை வாசலோடு திருப்பி அனுப்புங்கள். கால்களைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றால், தயவுசெய்து நீங்கள் அந்த ஆளாக இருக்காதீர்கள்.

யா அல்லாஹ்! நோயுற்ற உள்ளங்களுக்கு ஷிஃபாவைத் தருவாயாக. அவர்களைச் சுமக்கும் தாய் தந்தையருக்கு வலிமையையும் நீண்ட ஆயுளையும் தருவாயாக. அறியாமல் துன்புறுத்திய எங்கள் கைகளை மன்னிப்பாயாக. மன்னிக்கும் உரிமை உன் அடியார்களிடம் இருக்கும் இடத்தில், அவர்களின் வாசலுக்குச் செல்லும் துணிவை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.